ராஜமாதாவைப் படமெடுத்த ஷுன்லிங்குக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஷுன்லிங் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பெயர் இங்கே பலருக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் எடுத்த படங்களைப் பார்க்காதவர்கள் குறைவு. சீனத்தின் சிங் வம்சத்தைப் பற்றிய எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும், எந்தக் காணொளியைத் திறந்தாலும், ராஜமாதா சிஷியின் முகம் வந்து நிற்கிறது. சிம்மாசனத்தில் விறைப்பாக உட்கார்ந்து, விரல் நுனிகளில் நீண்ட நகக் கவசம் மாட்டி, துளியும் சிரிக்காமல் நம்மைப் பார்க்கும் அந்த முகம் உங்கள் கேமராவில் பதிந்தது. 'கொடுங்கோலி', 'வம்சத்தை அழித்தவள்' என்ற தலைப்புகளுக்குக் கீழே பெரும்பாலும் அதைத்தான் போடுகிறார்கள். அந்தக் கெட்ட பெயரைத் துடைக்கத்தான் அந்த அம்மையார் உங்களைக் கூப்பிட்டார்!

நாற்பது வருடம் முகம் காட்டாமல் ஆண்டவர் அவர். 1861-இல் சின்னப் பையனான மகன் அரியணை ஏறியபோது, அதன் பின்னால் ஒரு திரையைத் தொங்கவிட்டு, அதற்குள்ளிருந்து அமைச்சர்களிடம் பேசத் தொடங்கினார். அரச குடும்பத்தின் ஓவியங்களும் மக்கள் பார்ப்பதற்கானவை அல்ல. நிமிர்ந்த உடல், நேர்ப் பார்வை, முகத்தில் நிழலே இல்லாத அந்த வகைப் படங்கள், இறந்த முன்னோருக்குப் படையல் வைக்கும்போது சுவரில் மாட்டுவதற்கானவை. உயிரோடிருக்கும் ஒரு விதவை அரசியின் முகம் தெருவுக்கு வருவதை 1900-க்கு முன்னால் அரண்மனையில் யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

1900-இல் எல்லாம் தலைகீழானது. வெளிநாட்டவரை விரட்டக் கிளம்பிய பாக்ஸர் கிளர்ச்சிக்காரர்களுக்கு அவர் ஆதரவு கொடுத்தார். பெய்ஜிங்கில் வெளிநாட்டுத் தூதரகங்கள் 55 நாள் முற்றுகையில் கிடந்தன. எட்டு நாட்டுப் படைகள் நகருக்குள் நுழைந்தபோது, சாதாரணப் பெண்ணைப் போல உடுத்திக்கொண்டு ஷியான் நகருக்குத் தப்பி ஓடினார். அடுத்த ஆண்டு கையெழுத்தான ஒப்பந்தத்தில் 45 கோடி டேல் (சீன எடை அளவு) வெள்ளி நஷ்டஈடு. மேற்கத்தியப் பத்திரிகைக் கேலிச்சித்திரங்களில் அவர் ஒரு ராட்சசி. 1902 ஜனவரியில் தலைநகருக்குத் திரும்பிய அன்று, கோட்டை மதிலின் மேல் வெளிநாட்டவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர் நிமிர்ந்து பார்த்து, அவர்களுக்குத் தலைவணங்கினார். சிலர் அதைப் படமெடுத்தும்விட்டார்கள். இனி எப்படிப் பார்க்கப்பட வேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அங்கேயே முளைத்திருக்கும் என்பது என் ஊகம்.

முதலில் வந்தது ஓவியம். அமெரிக்கத் தூதரின் மனைவி சாரா காங்கர் யோசனை சொல்ல, 1903-இல் காதரின் கார்ல் என்ற அமெரிக்க ஓவியர் அரண்மனைக்குள் வந்தார். முதல் கோடு போடவே பஞ்சாங்கம் பார்த்து நாளும் நேரமும் குறித்தார்கள். முகத்தில் நிழல் விழக்கூடாது என்றார்கள். நிழல் இல்லாமல் எப்படி வரைவது என்று அந்தப் பெண் தவித்துப்போனார். 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்குப் போன ஓவியத்தில், எழுபதை நெருங்கும் பெண்ணுக்கு நாற்பது வயதுகூடச் சொல்ல முடியாது. பிரமாண்டமான மரச் சட்டத்தின் வடிவமைப்பிலும் ராஜமாதாவின் கை இருந்தது.

அப்புறம் நீங்கள். உங்கள் அப்பா யூ கெங் பாரிஸில் சீனத் தூதராக இருந்தவர். 1903-இல் குடும்பம் ஊர் திரும்பியதும் உங்கள் தங்கைகள் அரண்மனையில் தோழிகளாகச் சேர்ந்தார்கள். ஐரோப்பாவில் இருந்துவந்த நீங்கள் கேமராவோடு வந்து நின்றீர்கள். ராஜமாதா முன்னால் யாரும் மண்டியிட்டுத்தான் இருக்க வேண்டும். முக்காலியில் நிற்கும் கேமராவை மண்டியிட்டுக்கொண்டு எப்படி இயக்குவது? படமெடுக்கும் நேரத்துக்கு மட்டும் உங்களுக்கு அந்த விதியைத் தளர்த்தினார் என்று உங்கள் தங்கை தெர் லிங் தன் நினைவுக் குறிப்புகளில் சொல்கிறார். அவர் எழுதியதில் கொஞ்சம் மசாலா உண்டு என்பது ஆய்வாளர்களின் புகார். இருந்தாலும் இருட்டறைக் கதையை நான் நம்பவே விரும்புகிறேன். படம் கழுவுவதைப் பார்க்க அந்த அம்மாவே வந்து உட்கார்ந்தாராம். தட்டில் தன் உருவம் மெல்ல எழுவதைப் பார்த்தவர், 'என் முகமும் கையும் ஏன் கறுப்பாக இருக்கின்றன?' என்று கேட்டாராம். காகிதத்தில் அச்சிடும்போது வெள்ளையாகிவிடும் என்று விளக்கினீர்களாம்.

உங்கள் சிம்மாசனப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால், எதுவும் தற்செயல் இல்லை என்று தெரிகிறது. மண்டபத்துக்குள் வெளிச்சம் போதாது என்று, கோடைக்கால அரண்மனையின் முற்றத்தில் கம்பளம் விரித்து, திரையும் மயிலிறகு விசிறியும் வைத்து ஒரு செட் போட்டிருக்கிறீர்கள். இருபுறமும் கோபுரமாக அடுக்கிய ஆப்பிள்கள் சமாதானத்துக்கு அடையாளம். தலைக்கு மேல் நீளமான பலகையில் அவருடைய பட்டங்கள், கடைசியில் 'பத்தாயிரம் ஆண்டு வாழ்க'. அந்த வாழ்த்து சக்கரவர்த்திக்கு உரியது. அந்தச் சக்கரவர்த்தி, அவர் மகனுக்குப் பிறகு அரியணை ஏறிய குவாங்ஷு, 1898-இல் சீர்திருத்தம் செய்யப் பார்த்ததற்காக ராஜமாதாவாலேயே ஒடுக்கப்பட்டு, பெயருக்கு மட்டும் அரசராக இருந்தார். பலகையைப் படிக்கத் தெரிந்த சீனருக்கு இந்தச் செய்தி போதும்.

இன்னொரு வரிசை, குவான்யின் வேடம். தாமரைக் குளத்தில் ஓடம், கருணை தெய்வமாக ராஜமாதா, பக்கத்தில் காவல் தெய்வமாகக் கைகூப்பி நிற்கும் தலைமை அலி லி லியான்யிங். இந்தப் படத்தில் எங்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. குவான்யின் என்பவர் பௌத்த போதிசத்துவரான அவலோகிதரின் பெண் வடிவம். அவலோகிதரிடம் அகத்தியர் தமிழ் கேட்டார் என்கிறது வீரசோழியம் என்ற இலக்கண நூல். அவலோகிதர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் மலை எங்கள் பொதிகைதான் என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். முற்றுகையும் நஷ்டஈடும் நடந்து மூன்றே வருடத்தில் கருணை தெய்வமாகப் போஸ் கொடுக்க அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

பிரதிகள் போன இடங்களும் கவனித்து அனுப்பப்பட்டவைதான். அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு ஒன்று, 1905-இல் பெய்ஜிங் வந்த அவர் மகள் ஆலிஸுக்கு ஒன்று. பரிசுப் பிரதிகளில் சுருக்கங்கள் காணாமல் போயிருக்கின்றன. கண்ணாடி நெகட்டிவ்கள் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் சேகரிப்பில் இருக்கின்றன. அவற்றில் அவர் வயது அவருக்கே உரியதாக இருக்கிறது. இன்றைய ஃபில்டர் வேலையை அன்றைக்கே தூரிகையால் செய்திருக்கிறார்கள். 1904-இல் ஷாங்காயில் படங்கள் கடைக்கும் வந்தன. விற்றது சீர்திருத்தக்காரர்களுக்கு நெருக்கமான ஒரு பதிப்பகம். அவரைப் பிடிக்காதவர்களுக்கே அவர் முகம் வியாபாரமானது.

பிறகு ஏன் எடுபடவில்லை? என் கணக்கு இது. முன்னோர் ஓவியத்தின் இலக்கணத்தில் அவர் உட்கார்ந்தார். நேர்ப் பார்வை, சமச்சீர், சலனமில்லாத முகம். அந்த இலக்கணத்தில் வளர்ந்தவர்களுக்கு அது கம்பீரம். வெளிநாட்டுக்காரர்களுக்கோ முகத்தில் மனிதர் தெரிய வேண்டும். அவர்கள் அதைக் கல்நெஞ்சம் என்று படித்தார்கள். ஒரே படத்தை இரண்டு கூட்டத்துக்கும் கொடுத்ததுதான் சிக்கல். தான் நினைத்தபடியே அவருக்குப் படம் கிடைத்தது, அதனாலேயே தோற்றது.

அந்தத் தொகுப்பில் எனக்குப் பிடித்தது வேறு. வெளிநாட்டுப் பெண்கள் சூழ அவர் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் சாரா காங்கர். முற்றுகையின்போது தூதரகத்துக்குள் மாட்டிக்கொண்டிருந்த அதே சாரா காங்கர். இருவரும் கைகோத்திருக்கிறார்கள். கொஞ்சம் சங்கடமான பிடிதான், விடவும் தெரியாமல் பிடிக்கவும் தெரியாமல். அரண்மனை அலங்காரம் அத்தனையும் சொல்ல முயன்று முடியாததை அந்தக் கை சொல்லிவிடுகிறது. அந்த நொடியை நீங்களாகத் தேர்ந்தெடுத்தீர்களா, அவர் சொல்லி எடுத்தீர்களா?

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன், உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். 1908 நவம்பரில் குவாங்ஷு இறந்த மறுநாளே ராஜமாதாவும் போனார். அடுத்த ஆண்டு அவருடைய இறுதிச் சடங்கை ஆள்வைத்துப் படமெடுத்தார் என்று ஜிலி மாகாண ஆளுநர் துவான்ஃபாங்கின் பதவியைப் பறித்துவிட்டார்கள். அது அவமரியாதையாம். தன் படத்தைத் தானே நாடு நாடாக அனுப்பிவைத்தவரின் இறுதிச் சடங்கில்!

அன்புடன்,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு வாசகன்