ஆட்டு டாக்டருக்கு

அன்புள்ள ராசு,

ஏழு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டு, ஆனால் முழுதும் படித்துவிட்டுத் திட்டு. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா?

போன வாரம் இங்கே கலிபோர்னியாவில், யோசெமிட்டி மலைப் பூங்காவின் டுவாலமி புல்வெளிக்குப் போயிருந்தோம். 8,600 அடி உயரம். ஜூலையிலும் காலடியில் சொதசொதவென்று பனி உருகிய தண்ணீர். நடுவில் சோளக்கொல்லை போல ஆள் உயரத்துக்குப் பச்சை. இலையெல்லாம் புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக. உச்சியில் வெள்ளைப் பூங்கொத்து. ஊர்ப் பழக்கம், ஒரு தோகையைக் கிள்ளிப் பல்லில் வைக்கப் போனேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பாட்டி போட்ட அதட்டலில் கை அப்படியே நின்றுவிட்டது. 'கார்ன் லில்லி'யாம். வேர்முதல் நுனிவரை நஞ்சு. நம் ஆட்டுக்கிடா சோடா வந்திருந்தால் தின்றே முடித்திருப்பான்.

ராத்திரி அதைப் பற்றிப் படித்தவன் தூங்கவில்லை. 1950களில் ஐடஹோ மலைகளில் நெற்றி நடுவே ஒரே கண்ணோடு ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. பரம்பரைக் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தார்கள். யூட்டாவில் விஷச்செடிகளை ஆராய்ந்த வேய்ன் பின்ஸ் குழு வருடக்கணக்கில் அலைந்து கண்டுபிடித்தது: சினைப்பட்ட 14ஆம் நாள் ஆடு இந்தச் செடியைத் தின்றால் ஒற்றைக்கண். சினைப்பட்டு நாலு வாரம் ஆனபின் தின்றால் கண் தப்பிக்கும், கால் எலும்பு குட்டையாகும். கடைசியில் வைத்தியம் என்ன தெரியுமா? சினை பிடித்த முதல் ஐந்து வாரம் அந்தப் பக்கம் மேய விடாதே. அவ்வளவுதான். நீ ஐந்து வருடம் படித்தது இதற்குத்தானா?

செடியில் இருந்த சரக்குக்குச் சைக்ளோபமின் என்று பெயர் வைத்தார்கள். கருவில் உறுப்புகளுக்கு இடம் குறிக்கிற ஒரு சமிக்ஞையை அது அடைத்துவிடுகிறது. அதே சமிக்ஞை வளர்ந்த உடம்பில் அடங்காமல் ஓடினால் ஒரு வகைத் தோல் புற்றுநோய். அதை அடைக்கிற விஸ்மோடெகிப் மாத்திரைக்கு 2012இல் இங்கே அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். அதைச் செடியிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் அடைக்க வேண்டிய இடத்தைக் காட்டியது செடிதான்.

சரி, தூங்காத காரணம் இதெல்லாம் இல்லை. மாலதிக்கு இரண்டு மாதம். உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். அவளும் வந்திருந்தாள், அந்தக் கொல்லை நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். தொட்டால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, தெரியும். ஆனால் 14ஆம் நாள், ராசு! ஆட்டுக்கே தெரியாது, தான் சினை என்று. மனுஷிக்கு மட்டும் தெரியவா போகிறது? அந்த நாட்களில் அவள் எதைத் தின்றாளோ, எந்த மாத்திரையைப் போட்டாளோ என்று கணக்குப் போட்டுக்கொண்டே கிடந்தேன். அவளிடம் கேட்கவும் வாய் வரவில்லை.

நம்ம பக்கம் சினை ஆட்டை அண்ட விடாத செடி ஏதாவது உண்டா? கீதாரித் தாத்தாவிடம் கேட்டு எழுது. அவர் சொன்னால் நம்புவேன், நீ சொன்னால் யோசிப்பேன்.

உன்,
முத்து