காரில் இருக்கும் சேறு பழுதல்ல: சஃபாரி ராலி மாடல்கள் பற்றி ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் கடையின் நடு அலமாரியில் சஃபாரி ராலி வரிசை மாடல் கார்களை வைத்தோம். வாங்கிப் போனவர்களில் மூன்று பேர் திரும்ப வந்து, "கதவுக்குக் கீழே பெயின்ட் திட்டுத்திட்டாக இருக்கிறதே, மாற்றித் தர முடியுமா?" என்று கேட்டார்கள். அது பழுது இல்லை, சேறு. தயாரித்தவர்கள் வேண்டுமென்றே அடித்த நிறம். விற்கும்போதே நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சேறு எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் இந்த மடல்.

சஃபாரி ராலி என்பது கிழக்கு ஆப்பிரிக்காவில் 1953-ல் தொடங்கிய நெடுந்தூரக் கார்ப் போட்டி. எரிக் செசில் என்பவர் கென்யாவில் பந்தயத் தடத்தில் கார் ஓட்டியவர். ஒரே வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றுவது அலுப்பு என்றார் அவருடைய உறவினர் நீல் வின்சென்ட். ஊர் ஊராக, நாடு நாடாக ஓட்டினால் என்ன என்ற யோசனை அப்படிப் பிறந்தது. அந்த ஆண்டு எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழா. அதன் பெயரிலேயே 'கொரோனேஷன் சஃபாரி' என்று கென்யா, உகாண்டா, டாங்கனிகா (இன்றைய டான்சானியாவின் பெரும்பகுதி) மூன்றையும் இணைத்துப் போட்டி நடந்தது. ஷோரூமில் கிடைக்கும் சாதாரணக் கார்கள்தான் ஓடின. விற்பனை விலையை வைத்துப் பிரிவுகள் பிரித்தார்கள். ஒட்டுமொத்த வெற்றியாளர் என்று அந்த ஆண்டு யாரும் அறிவிக்கப்படவில்லை. 1960-ல் 'ஈஸ்ட் ஆப்பிரிக்கன் சஃபாரி' என்றும், பிறகு 'சஃபாரி ராலி' என்றும் பெயர் மாறியது.

இனி அந்தச் சேற்றுக்கு வருவோம். போட்டி பல காலம் ஈஸ்டரை ஒட்டியே நடந்தது. அங்கே நீண்ட மழைக்காலம் தொடங்கும் நேரம் அது. கென்யாவில் பல இடங்களில் இருப்பது கரிசல் மண். மழை பெய்தால் கரிசல் என்ன செய்யும் என்று நம் கொங்குப் பக்கத்தில் காடு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாத அந்த மண்ணில் ராத்திரி நேரத்தில் காரை ஓட்ட வேண்டும். மழை பெய்யாவிட்டால் செம்மண் புழுதி. முன்னால் போகிற வண்டி கிளப்பும் தூசியில் பாதையே தெரியாது. இப்படி 5,000 கிலோமீட்டர் வரை ஓட வேண்டியிருந்தது. சாலையையும் அடைக்க மாட்டார்கள். எதிரே லாரி வரும், மாட்டு மந்தை வரும், ஒட்டகச்சிவிங்கிகூட வரும்.

1963-ல் 84 கார்கள் கிளம்பின, ஊர் வந்து சேர்ந்தவை ஏழு. 1968-ல் 93 கிளம்பின, அப்போதும் வந்து சேர்ந்தவை ஏழே ஏழு. இரண்டு முறையும் ஜெயித்தது பியூஜோ 404, ஓட்டியது நிக் நோவிட்ஸ்கி. அலமாரியில் அந்த 404 எளிமையாக இருப்பதால் நிறையப் பேர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு நிமிடம் நின்று பாருங்கள். சாதாரணக் குடும்பக் கார் அது. வேகத்தால் ஜெயித்த வண்டி என்று நான் சொல்ல மாட்டேன், உடையாமல் வந்ததால் ஜெயித்தது. எனக்கு இந்த ராலி மேல் இருக்கிற மரியாதைக்குக் காரணமே அதுதான்.

மண்ணை அறிந்தவன் கையில்தான் வண்டி நின்றது. 1972-ல் பின்லாந்தின் ஹன்னு மிக்கோலா ஃபோர்டு எஸ்கார்ட்டில் ஜெயிக்கும் வரை, வெளிநாட்டிலிருந்து வந்த ஓட்டுநர் ஒருவராலும் இதை வெல்ல முடியவில்லை. ஐரோப்பாவின் பெரிய பெயர்கள் எல்லாம் வந்து முயன்றும் அப்படித்தான்.

உள்ளூர்க்காரர்களில் இருவரைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனசு வராது. இருவருமே இந்திய வம்சாவளி. முதலாமவர் ஜோகிந்தர் சிங், கென்யாவின் கெரிச்சோவில் பிறந்த சீக்கியர், மெக்கானிக். 1965-ல் தம்பி ஜஸ்வந்தைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வால்வோ பிவி544 காரில் ஜெயித்தார். புது வண்டிகூட இல்லை, ஏற்கெனவே ராலியில் அடிபட்ட பழைய கார். தானே பிரித்துச் சீர்செய்து ஓட்டினார். 1974-லும் 1976-லும் மிட்சுபிஷி லான்சரில் மறுபடி ஜெயித்தார். அதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு ஒரு கணக்கு. இந்த ராலியில் 22 முறை இறங்கி, 19 முறை முழுதும் ஓடி முடித்திருக்கிறார். ஏழு வண்டி மட்டும் வந்து சேர்ந்த ஆண்டுகளை நினைத்துக்கொண்டு அந்த எண்ணைப் பாருங்கள்.

இன்னொருவர் சேகர் மேத்தா, உகாண்டாவின் கம்பாலாவில் பிறந்தவர். 1972-ல் இடி அமீன் ஆசியர்களை நாட்டைவிட்டு விரட்டியபோது அவர் குடும்பமும் கென்யாவுக்கு வந்தது. அடுத்த ஆண்டே டாட்சன் 240இசட் காரில் சஃபாரியை வென்றார். அபராதப் புள்ளிகளில் ஸ்வீடனின் ஹாரி கால்ஸ்ட்ரோமும் அவரும் சரிசமமாக முடித்த போட்டி அது, சமன் முறிக்கும் விதிப்படிதான் வெற்றி மேத்தாவுக்குக் கிடைத்தது. அப்புறம் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை. மொத்தம் ஐந்து வெற்றி. சிவப்பு உடம்பும் கறுப்பு பானட்டுமாக அலமாரியில் இருப்பது அந்த 240இசட்தான். டாட்சன், மிட்சுபிஷி, டொயோட்டா என்ற பெயர்கள் 'உழைக்கிற வண்டி' என்று உலகெங்கும் பேர் வாங்கியதில் இந்த மண் சாலைகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

டொயோட்டா செலிகா மாடல் மற்றவற்றைவிட விலை கூடுதல். ஏன் என்று கேட்பவர்கள் கையில் எடுத்துப் பாருங்கள். முன்னால் 'புல் பார்' (bull bar) என்னும் கனமான தடுப்புக் கம்பி, குறுக்கே மிருகம் வந்தால் ரேடியேட்டர் தப்பிக்க வேண்டுமே. முன்கண்ணாடி ஓரமாக மேலே ஏறும் குழாய் ஸ்நார்க்கல். ஆற்றைக் கடக்கும்போது இன்ஜினுக்குள் தண்ணீர் போகாமல் கூரை உயரத்திலிருந்து காற்றை இழுக்கும். கண்ணாடிக்குப் பக்கவாட்டில் இரண்டு சின்ன விளக்குகள், தூரத்திலேயே வண்டி வருவது ஜனங்களுக்குத் தெரிவதற்காக. மேலே ஹெலிகாப்டரும் பறக்கும், எதிரே என்ன வருகிறது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே. இவற்றையெல்லாம் தனித்தனிப் பாகமாகச் செய்து ஒட்டியிருக்கிறார்கள். கூலி அதற்குத்தான். நிஜ செலிகா 1992 முதல் 1995 வரை நான்கு ஆண்டும் இந்த ராலியை வென்றது. 1994-ல் ஓட்டியவர் கென்யாவின் இயன் டங்கன்.

2002-க்குப் பிறகு உலக ராலி சாம்பியன்ஷிப் பட்டியலிலிருந்து சஃபாரி விலக்கப்பட்டது. 2020-ல் திரும்பி வர இருந்தது, கொரோனாவால் தள்ளிப்போய் 2021-ல் நைவாஷா ஏரிப் பக்கம் நடந்தது. செபஸ்டியன் ஓஜியே ஜெயித்தார். இப்போது போட்டித் தூரம் மிகவும் குறைவு, சாலைகளையும் அடைத்துவிடுகிறார்கள். பாதுகாப்புக்கு அதுதான் சரி. ஆனால் மாவு போன்ற அந்தத் தூசியும் திடீர் மழையும் அப்படியேதான் இருக்கின்றன. 2022-ல் முதல் நான்கு இடமும் டொயோட்டாவுக்குப் போனது.

சரி, கடை விஷயம். 404 இரண்டுதான் மிச்சம் இருக்கிறது. பிவி544 வர இன்னும் மூன்று வாரம் ஆகும், வேண்டியவர்கள் பெயர் சொல்லிவைத்தால் எடுத்துவைப்போம், முன்பணம் வேண்டாம். சேறு பூசாத, கிளம்பும்போது இருந்ததுபோன்ற சுத்தமான 240இசட்டும் வாங்கித் தர முடியும். மாற்றித் தரச் சொன்ன மூவரும் பில்லோடு வாருங்கள். இதைப் படித்த பிறகும் சேறு வேண்டாம் என்றால் பணத்தை முழுதாகத் திருப்பித் தருகிறோம். ஒன்று மட்டும்: வீட்டில் ஈரத்துணி போட்டுத் துடைக்காதீர்கள், அந்த நிறம் கரைந்துவிடும். மென்மையான பிரஷ் போதும்.

அன்புடன்,
உங்கள் மாடல் கார் கடை,
கோவை