கோமதிக்கு, அப்பளக் கட்டோடு

திருநெல்வேலி
15.6.2025

அன்புள்ள கோமதிக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் கண்ணனும் நலமாக இருக்க வேண்டும். எதிர்வீட்டு டீச்சர் மகன் பெங்களூருக்குப் புறப்படுகிறான். அவனிடம் கல்லிடைக்குறிச்சி அப்பளம் இரண்டு கட்டும், கொஞ்சம் கூழ் வடகமும் கொடுத்து விடுகிறேன். இந்தக் கடிதத்தையும் அதற்கு நடுவிலேயே வைத்திருக்கிறேன். போனில் பேசினால் ஆகாதா என்று கேட்பாய். போனில் நீ "ம்", "சரிம்மா", "சிக்னல் இல்லைம்மா" என்று மூன்றே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். பாலியிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகப் போகிறது. எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பாலி போட்டோ எல்லாம் பார்த்தாயிற்று. அறுபத்து நாலு படம். அப்பா ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்க்கிறார். ராமாயணக் கூத்தில் ஒரு கூட்டம் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து "சக் சக்" என்று குரங்கு மாதிரிக் கத்துகிறார்களே, அந்த வீடியோ அவருக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. பேப்பர் போடுகிற பையன் வரைக்கும் காட்டியாயிற்று. "என் பொண்ணு கடல் தாண்டிப் போயிருக்கா" என்று சொல்லும்போது அவர் குரலே மாறிவிடுகிறது. நானும் காட்டினேன். இல்லை என்று சொல்ல மாட்டேன். நம் குடும்பத்தில் பாஸ்போர்ட் எடுத்த முதல் பெண் நீதான்.

படிப்படியாக வெட்டிய வயல் படம்தான் எனக்குச் சிரிப்பு. அதைப் பார்க்க ஒரு டிக்கெட், ஊஞ்சல் ஆடத் தனி டிக்கெட்டாம். அம்பாசமுத்திரத்தில் பச்சைப் பசேலென்று வயல் நடுவே நடந்திருக்கிறோம், ஒருத்தரும் நம்மிடம் காசு கேட்டதில்லை. அப்புறம் மாப்பிள்ளை, "விசாவுக்கு ஆளுக்கு ஐந்து லட்சம் அத்தை" என்று சொன்னாரே, எனக்கு நெஞ்சே அடைத்துவிட்டது. பிறகுதான் சொன்னார், அது அந்த ஊர் ருப்பியா, நம் காசுக்கு 2,600 சொச்சம்தான் என்று. அதோடு சுற்றுலா வரி என்று ஆளுக்கு ஒன்றரை லட்சம் ருப்பியா வேறு. அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான்தான் அன்று முழுக்கக் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

முப்பது வருஷம் ஆபீஸில் கணக்கு எழுதியவள், பழக்கம் விடுமா? மூன்று பேருக்குப் பேக்கேஜ் 2,40,000. அதன் மேல் நூற்றுக்கு 5 வீதம் வரி முன்கூட்டியே பிடித்துக்கொண்டார்கள். வருமான வரிக் கணக்கு கொடுக்கும்போது திரும்பக் கேட்கலாம் என்றாலும், 12,000 இப்போது கையை விட்டுப் போனது போனதுதானே. மே மாதம் பள்ளி லீவு என்றால் விமான டிக்கெட்காரன் சும்மா விடுவானா? விசா, அங்கே சாப்பாடு, வண்டி, கண்ணனுக்கு வாங்கிய மர முகமூடி, எல்லாம் சேர்த்தால் மூன்று லட்சத்துக்குப் பக்கம் வருகிறது. சரியா? குறையச் சொல்கிறேனா, கூடச் சொல்கிறேனா?

செலவு செய்யாதே என்று நான் சொல்லவில்லை. இரண்டு பேர் சம்பாதிக்கிறீர்கள். போகிறதற்கு முன்னால் சேர்த்து வை என்றுதான் சொல்கிறேன். ஒரு வருஷ ஆர்.டி. போட்டு மாதம் 20,000 கட்டினால், போகிற மாதத்தில் பேக்கேஜ் பணம் வட்டியோடு கையில் இருக்கும். பக்கத்துத் தெருவில் ஒரு பையன் தேனிலவுக்கு என்று 2 லட்சம் கடன் வாங்கினான். நூற்றுக்கு 16 வட்டி, பன்னிரண்டு தவணை. மாதம் 18,100 சொச்சம் கட்டினான். கடைசித் தவணைக்கு முன்னால் அவளுக்கு வளைகாப்பே வந்துவிட்டது. அவன் அம்மா என்னிடம் வந்து உட்கார்ந்து அழுதாள். இன்னும் சில பேர் நகையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு ஊர் சுற்றுகிறார்களாம். சவரன் விலை ஏறிவிட்டதால் கடன் நிறையக் கிடைக்கிறதாம். கேள்விப்பட்டேன், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு முழங்கால் பரவாயில்லை. மோட்டார் ரிப்பேர் செய்தாயிற்று. குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டது என்கிறார்கள், போக ஆள் இல்லை. மே மாதம் வருவீர்கள் என்று மாங்காயை வைக்கோலில் போட்டுப் பழுக்க வைத்திருந்தேன். பாதியைக் கொடுத்தேன், பாதி அழுகிப் போயிற்று. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கும் நீ வரவில்லை. வேன் பேசும்போது உங்கள் மூன்று பேரையும் சேர்த்துத்தான் சீட் எண்ணினேன். வருஷத்துக்கு ஒரு நாள், ஒரு வேன் வாடகை, வீட்டுப் புளியோதரை. நாங்கள் உல்லாசப் பயணம் என்று போனதெல்லாம் அதுவும் குற்றாலமும்தான். என் நோட்டில் பொங்கல் படிக்கு ஒரு பக்கம் உண்டு, தீபாவளிக்கு உண்டு, பள்ளிக்கூட ஃபீஸுக்கு உண்டு. ஊர் சுற்ற என்று ஒரு பக்கம் கிடையாது. நீ எக்செல்லில் அதற்கென்றே ஒரு பக்கம் வைத்திருப்பதாகச் சொன்னபோது பெருமையாக இருந்தது. அதில் 'வரவு' என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறாய் என்றுதான் தெரியவில்லை.

அறுபத்து நாலு படத்தையும் நானும் விரித்துத்தான் பார்த்தேன் கோமதி. அப்பா பார்த்த இடத்தை இல்லை. கோயில் வாசலில், கடற்கரையில், அந்த ஊஞ்சலில், மாப்பிள்ளையின் தங்கை நிச்சயதார்த்தத்தில் எடுத்த படத்தில்கூட. நிச்சயதார்த்தத்துக்குக் கவரிங்கா போடுவார்கள்? வீடியோ காலில் அதை லேசாகக் கேட்டேன். உடனே சிக்னல் போயிற்று. அதிலிருந்து நீ போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துத்தான் பேசுகிறாய். எனக்கு உன் நெற்றியும் மின்விசிறியும்தான் தெரிகிறது.

சேர்த்து வைத்துவிட்டுப் போ என்று எழுதினேன் இல்லையா? மேலே போய் அதை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றிற்று. பேனாவை மூடி வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி எழுதுகிறேன்.

நாம் டில்லிக்குப் போனோமே, நினைவிருக்கிறதா?

போகவில்லை. உனக்கும் அது தெரியும், ஏன் என்பதுதான் தெரியாது. 1996, உனக்குப் பத்து வயது. மத்திய அரசு வேலையில் எல்.டி.சி. என்று ஒரு சலுகை உண்டு. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு இந்தியாவில் எந்த ஊருக்கும் போய் வரலாம், வண்டிக் கட்டணத்தை அரசாங்கம் கொடுக்கும். 94-97 கணக்கில் என்னுடையது அப்படியே கிடந்தது. உன் அப்பா மில் வேலையில் இருந்தவர், அவருக்கு அந்த மாதிரி ஒன்றும் கிடையாது. "உன் புண்ணியத்தில தாஜ்மகால் பாத்துரலாம்" என்று பழைய காலண்டர் படத்தைக்கூட வெட்டி ஒட்டி வைத்திருந்தார். கட்டணம் 2,800 என்று போட்டு, அதில் பத்தில் ஒன்பது பங்கு, 2,520 ரூபாய், அட்வான்ஸ் வாங்கினேன். என் சம்பளமே அப்போது கைக்கு 3,000தான் வரும்.

ஆபீஸுக்கு ஒருத்தர் வருவார். கைப்பைக்குள் ரசீதுப் புத்தகம் இருக்கும். பத்து நாள் டூர் பஸ் போனதாக, அதில் நாம் எல்லோரும் போனதாக ரசீது தருவார். நூற்றுக்குப் பத்து அவருக்கு. நாம் செய்ய வேண்டியது, அந்தப் பத்து நாளும் லீவு போட்டுவிட்டு ஊரில் யார் கண்ணிலும் படாமல் இருப்பது. நிறையப் பேர் செய்தார்கள். பின்னாளில் தனியார் பஸ் ரசீதே செல்லாது என்று விதி வந்தது. நிறையப் பேர் செய்தார்கள் என்பதால் நான் செய்தது இல்லை என்று ஆகிவிடுமா?

அதற்குத்தான் உங்களைக் கல்லிடைக்குறிச்சி அத்தை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். மீட்டர்கேஜ் பாசஞ்சரில், பகல் வண்டி வேண்டாம் என்று விடியற்காலை வண்டியில். நீ தினமும் படித்துறையில் குளித்தாய், அப்பளம் காயப் போடுகிற வீடுகளில் போய் உட்கார்ந்து உருண்டையைத் தின்றுவிட்டு வந்தாய். இன்றைக்கும் "நான் போன லீவிலேயே அத்தை வீட்டு லீவுதாம்மா பெஸ்ட்" என்று சொல்கிறாய். ஒவ்வொரு தடவை நீ சொல்லும்போதும் எனக்கு வயிற்றைப் பிசையும். அது லீவு இல்லை. நாம் ஒளிந்திருந்தோம். அப்பா அந்தப் பத்து நாளும் திண்ணைக்கே வரவில்லை. ஒரு வார்த்தை என்னைக் கேட்கவும் இல்லை. திரும்பி வந்ததும் அந்தக் காலண்டர் படத்தைக் கிழித்துவிட்டார்.

அதோடு விட்டேனா? ஆபீஸ்காரர்கள் பிள்ளைகளும் உன் பள்ளிக்கூடத்தில்தானே படித்தார்கள். "யாராவது கேட்டா டில்லி போயிட்டு வந்தோம்னு சொல்லணும்" என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். சத்தியம் வாங்கினேன். ஆறாம் வகுப்பில் லீவு எப்படிப் போனது என்று டீச்சர் கேட்டபோது நீ எழுந்து பேசியிருக்கிறாய். தாஜ்மகால் சுவரில் கன்னத்தை வைத்தால் மோர்ப்பானை மாதிரிச் சில்லென்று இருந்தது என்று சொன்னாயாம். அந்த டீச்சர் மார்க்கெட்டில் என்னைப் பிடித்து, "என்ன அழகாச் சொல்றா உங்க பொண்ணு" என்றார். கையில் கத்தரிக்காயோடு நின்றேன். உனக்கு அதை நான் சொல்லித் தரவே இல்லை. சுவர் சில்லென்று இருக்கும் என்பதை நீயாகத்தான் சேர்த்திருக்கிறாய்.

உன் கல்யாணம் முடிந்த புதிதில் மாப்பிள்ளை, "டில்லி, ஆக்ரா போகலாமா?" என்று கேட்டார். "நான் சின்னப் பிள்ளையிலயே பாத்தாச்சு, வேற எங்கயாவது போகலாம்" என்று நீ சொன்னாய். நான் அடுப்படியில் இருந்தேன், காதில் விழுந்தது. புருஷனிடம்கூட அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டாய், ஏட்டி. அன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். தாளிப்பு கருகுகிறது என்று திரும்பிக்கொண்டேன். கண்ணன் தாஜ்மகால் பார்க்கவேண்டும் என்று கேட்டால் அவனுக்கு என்ன சொல்வாய்? பாலி தெரிகிறது, சிங்கப்பூர் தெரிகிறது. என்னால் ஆக்ராவுக்கு மட்டும் உன் வீட்டில் வழி அடைத்துப் போயிற்று.

அந்தப் பணம் எங்கே போயிற்று என்று நீ கேட்கலாம். உன் மாமா கடை வைக்கிறேன் என்று நின்றபோது, அப்பாவுக்குச் சொல்லாமல் ஒரு நகையைச் சேட்டுக் கடையில் வைத்து 2,000 வாங்கிக் கொடுத்திருந்தேன். கடை எட்டு மாதம்கூட ஓடவில்லை. வட்டி ஏறிக்கொண்டே போயிற்று, ஏலத்துக்குப் போகும் என்று கார்டு வந்தது. அந்தக் கார்டைத் தபால்காரரிடமிருந்து வாங்கியது உன் அப்பா. எல்.டி.சி. பணத்தில்தான் அதைத் திருப்பினேன். எந்தச் சங்கிலி என்று நான் எழுத வேண்டியதில்லை.

அதனால்தான் உன் கழுத்தைப் பார்த்தவுடன் எனக்கு அப்படி ஆயிற்று. உன் மேல் கோபம் இல்லை. கோபம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

நீ வைத்திருந்தால் வைத்ததாகவே இருக்கட்டும். எந்தக் கடை, என்ன தேதி, எவ்வளவு என்பதை மட்டும் எழுதி அனுப்பு. வட்டியை மட்டும் கட்டிக் கட்டிப் புதுப்பிக்காதே, அது ஓட்டைப் பானை. என் பென்ஷன் பணத்தில் கொஞ்சம் இருக்கிறது, மாப்பிள்ளை காதுக்குப் போக வேண்டாம். இல்லை, அவருக்குத் தெரிந்துதான் வைத்தீர்கள் என்றால் அதுவும் நல்லதுதான், என்னை மாதிரி இல்லை என்று சந்தோஷப்பட்டுக்கொள்வேன். வெறுமனே லாக்கரில் வைத்துவிட்டுப் போயிருந்தாய் என்றால், கிழவிக்குப் புத்தி கெட்டுப்போயிற்று என்று சிரித்துவிட்டுக் கடிதத்தைக் கிழித்துப் போடு. அடுத்த தடவை மட்டும் போகிறதற்கு முன்னால் சேர்த்து வை. மறுபடியும் சொல்கிறேன் பார்.

அப்பாவிடம் அடுத்த வருஷம் ஆக்ரா போகலாமா என்று நேற்றுக் கேட்டேன். "முழங்காலை வச்சிக்கிட்டா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ரயில் டிக்கெட்டெல்லாம் இப்ப அறுபது நாளைக்கு முன்னாடிதான் போட முடியுமாமே" என்றார். இவருக்கு அது எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பளத்தை வந்த அன்றைக்கே ஒரு வெயிலில் காட்டிவிட்டு டப்பாவில் போடு, பெங்களூர் குளிருக்குப் பூத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. கழுத்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை, போனைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடி, முகத்தையாவது பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா