முகூர்த்த நாளில் சந்தை இல்லை

ஐயா,

எங்கள் பகுதிக் கல்யாண மண்டபத்தில் ஞாயிறுதோறும் காலையில் இயற்கை விவசாயிகள் கடை போடுகிறார்கள். போன வாரம் கொட்டிய மழையில் ஒரு கீரைக்கட்டுகூட நனையவில்லை. மண் ஒட்டிய சேனைக்கிழங்கைக் கையில் கொடுத்து, “புளித்தண்ணியில வேக வைங்கம்மா, நாக்கு அரிக்காது” என்றார் விளைவித்த பெரியவர். மாப்பிள்ளைச் சம்பா அரிசியும் அவரிடமே வாங்கினேன்.

ஆனால் முகூர்த்தம் வந்துவிட்டால் மண்டபம் கிடையாது. முதல்நாள் பறித்த காய் என்னாவது? மனசு கேட்கவில்லை. 1999-ல் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை தொடங்கியபோது விவசாயிக்கு அடையாள அட்டை, தராசு, கடை எல்லாம் அரசே கொடுத்தது. இவர்கள் கேட்பது வாரத்தில் ஒரு காலைப்பொழுதுதான். சமுதாயக் கூடத்தையாவது நிரந்தரமாக ஒதுக்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி