தீதியோடு நடந்த கொல்கத்தா

அன்புள்ள சரோ,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து படியேற முடிகிறது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. வலி இல்லை என்று தைலத்தை நிறுத்திவிடாதே. இங்கே பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான். மகள் மறுபடி ஆபீஸ் போகத் தொடங்கியதால் பகலெல்லாம் வீட்டில் அவனும் நானும்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாப்பிள்ளை பார்த்துக்கொள்கிறார், அன்றைக்கு எனக்கு லீவு.

அப்படி ஒரு ஞாயிறைப் பற்றித்தான் உனக்கு விரிவாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். வந்த புதிதில் ஒரு டூர் வண்டியில் விக்டோரியா மெமோரியல், காளிகாட், பேலூர் மடம், தட்சிணேசுவரம் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டினார்கள். எல்லாம் பெரிய இடங்கள்தான். ஆனால் அன்று முழுக்க இந்த ஊர்க்காரர் ஒருவரோடுகூட நான் பேசவில்லை. அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. மகளோடு வேலை பார்க்கும் பெண்ணின் அத்தை ஷியாம்பஜாரில் இருக்கிறார். பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வட கொல்கத்தாவைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களை நாலைந்து பேராகச் சேர்த்துக் கூட்டிக்கொண்டு நடப்பாராம். எல்லோரும் அவரைத் தீதி, அதாவது அக்கா, என்கிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

காலை ஆறு மணிக்கு மல்லிக் காட் பூச்சந்தையில் சேர்ந்தோம். ஹவுரா பாலத்துக்குக் கீழேயே சந்தை. முந்தின ராத்திரி பெய்த மழையில் தரையெல்லாம் சேறும் இதழுமாகக் கிடந்தது. செண்டுமல்லி மாலைகளைக் கட்டுக்கட்டாகத் தலையில் ஏற்றிக்கொண்டு ஆட்கள் ஓடுகிறார்கள். காளிக்குச் சாத்துகிற செம்பருத்தி மாலைகள் ஒரு பக்கம் குவிந்து கிடக்கின்றன. தீதி முதல் வேலையாக எங்களைச் சுவரோரம் ஒதுங்கச் சொன்னார். "சுமக்கிறவருக்கு முதலில் வழி விடுங்கள், போட்டோ அப்புறம்" என்றார். எனக்கு அவரை அந்த இடத்திலேயே பிடித்துப்போனது.

பாலத்தைப் பற்றிச் சொன்னார். 1943ல் திறந்தது. 26,500 டன் எஃகு. அத்தனை பெரிய பாலத்தில் நட்டு போல்ட் கிடையாது, எல்லாம் ரிவெட் அடித்துச் சேர்த்ததுதான். ஆற்றுக்கு நடுவே ஒரு தூணும் இல்லை. இதைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறொன்று. போகிறவர் வருகிறவர் துப்பிய பான் எச்சில் பட்டுப் பட்டு, பாலத்தைத் தாங்கும் இரும்பின் அடிப்பகுதியே அரித்துப்போய், அதைக் காப்பாற்ற ஃபைபர் உறை போட்டிருக்கிறார்கள். சொந்த வீட்டுச் சுவரில் விரிசல் விழுந்ததைப் போல வருத்தப்பட்டுச் சொன்னார் தீதி.

அங்கிருந்து படகில் பாக்பஜார் பக்கம் போய் இறங்கி, குமார்துலிக்கு நடந்தோம். துர்க்கை பூஜைக்குச் சிலை செய்கிற குயவர்களின் பேட்டை அது. முன்னோர்கள் கிருஷ்ணநகரிலிருந்து வந்தவர்களாம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்ப வேண்டிய சந்துகள். இரண்டு பக்கமும் பாலிதீன் கூரை போட்ட பட்டறைகள். உள்ளே வைக்கோல் உடம்போடு, இன்னும் தலை வைக்காத துர்க்கைகள் பத்துக் கைகளையும் விரித்துக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள்.

தீதி எந்தப் பட்டறைக்குள்ளும் நேரே நுழையவில்லை. வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "வரலாமா?" என்று கேட்டார். ஓர் இடத்தில் கையைக் காட்டி வேண்டாம் என்றார்கள், பேசாமல் அடுத்த இடத்துக்குப் போனோம். அங்கே ஒரு பெரியவர் உட்காரச் சொல்லி, மண்குவளையில் டீ வாங்கிக் கொடுத்து, தன் வேலையையும் விடாமல் செய்துகொண்டிருந்தார். முதலில் மூங்கிலும் மரமும் சேர்த்து ஒரு சட்டம். அதன்மேல் வைக்கோலைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி உடம்பு. அதன்மேல் உமி கலந்த களிமண். அது காய்ந்த பிறகு வழவழப்பான மண்ணில் இன்னொரு பூச்சு. தலையை அச்சில் எடுக்கிறார்கள், விரல்களைத் தனியாகச் செய்து ஒட்டுகிறார்கள். நான் பார்த்தபோது அவர் விரல்தான் செய்துகொண்டிருந்தார். உள்ளங்கையில் ஒரு துளி மண்ணை உருட்டி, நீட்டி, கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறு கீறினால் நகம் வந்துவிடுகிறது. இன்னும் இரண்டு கீறலில் மடிப்பு ரேகை. ஒரு விரலுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மண்ணில் விரிசல் விட்ட இடத்தில் துணிக் கிழிசலை மண்கரைசலில் தோய்த்து ஒட்டுகிறார்கள். மழைக்காலத்தில் மண் காயாது, பூஜை நாளோ காத்திருக்காது. அதனால் கேஸ் நெருப்பைக் காட்டிக் காயவைக்கிறார்கள். அந்தப் புழுக்கத்தில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவர்களை நினைத்துப் பார், சரோ. தேவியின் கூந்தல் சணல் நார்தான், அதை ஹவுராப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறையாகச் செய்து தருகிறார்கள். நம் சுவாமிமலையில் கண் திறப்பதுபோல இங்கேயும் கண் கடைசியில்தான், மகாளய அமாவாசை அன்றைக்கு. 2021ல் கொல்கத்தாவின் துர்க்கை பூஜையை யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது உனக்கு நினைவிருக்கும்.

இந்த இடத்தில் நடந்ததை நீ கவனமாகக் கேள். தேவி சிலைக்கு எடுக்கும் மண்ணில் பாலியல் தொழில் செய்யும் பெண்களின் வாசல் மண்ணும் ஒரு பிடி சேர வேண்டும் என்பது பழைய வழக்கம். அந்தப் பெண்கள் இருக்கும் சோனாகாச்சி அங்கிருந்து நடக்கிற தூரம்தான். எங்களோடு வந்த ஒருவர், அந்தத் தெரு வழியாகப் போகலாமா என்று கேட்டார். தீதி கோபப்படவில்லை. "அது அவர்கள் குடியிருக்கும் தெரு. வேடிக்கை பார்க்க நான் யாரையும் கூட்டிப்போவதில்லை" என்றார். அப்புறம் அவரே சொன்னார். அந்தப் பெண்கள் 2013ல் நீதிமன்றம் வரைக்கும் போய், தங்கள் தெருவில் தாங்களே துர்க்கை பூஜை நடத்த அனுமதி வாங்கினார்களாம். ஊர் ஒதுக்கிவைத்தவர்களின் மண் மட்டும் வேண்டுமா என்று, தர மறுத்தவர்களும் உண்டாம். எதைக் காட்ட வேண்டும் என்று எல்லா கைடுக்கும் தெரியும். எதைக் காட்டக்கூடாது என்பது அந்தத் தெருக்காரர்களை மனுஷர்களாக நினைக்கிறவருக்குத்தான் தெரியும். அன்று முழுக்க நான் கேட்டதில் எனக்குப் பெரிதாகப் பட்டது அவர் சொன்ன அந்த 'இல்லை'தான்.

சோவாபஜார் ராஜ்பாடியில், அதாவது அரண்மனை வீட்டில், நவகிருஷ்ண தேவ் 1757ல் தொடங்கிய பூஜை இன்றும் நடக்கிறது. பிளாசிப் போரில் கிழக்கிந்தியக் கம்பெனி ஜெயித்த வருஷம் அது, அந்தப் படையை நடத்திய கிளைவுக்கு அழைப்புப் போனதாகச் சொல்கிறார்கள். மண்டபத்தின் அழகை ரசித்துக் காட்டிய அதே மூச்சில், இது யாருடைய வெற்றிக்கு எடுத்த விழா என்பதையும் தீதி மறைக்காமல் சொன்னார்.

போஸ்பாரா சந்தில் விவேகானந்தரின் சிஷ்யை நிவேதிதையின் வீட்டைப் பார்த்தேன். 1898ல் அவர் பெண்குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கியது அந்தச் சந்தில்தான். பாரதி இவரைத்தான் குருவாக ஏற்றார் என்று நான் சொன்னதும் தீதி நின்றுவிட்டார். அவருக்குத் தெரியாதாம். நடுத்தெருவில் நிற்கவைத்து என்னிடம் பாரதியைப் பற்றிக் கேட்டுக் கேட்டு, பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அடுத்த முறை வருகிறவர்களுக்குச் சொல்வாராம்.

பாக்பஜாரில் ரசகுல்லா சாப்பிட்டோம். நோபின் சந்திர தாஸ் 1868ல் அதைச் செய்து விற்றது அந்தப் பேட்டையில்தானே. காலேஜ் ஸ்ட்ரீட்டுக்குப் போகும்போது வெயில் ஏறிவிட்டது. புத்தகக் கடைகளை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டு, காபி ஹவுஸில் தலைப்பாகை கட்டிய சர்வர் கொண்டுவந்த பால் இல்லாத காபியோடு முடித்துக்கொண்டோம். டிராமைப் பற்றிப் பேச்சு வந்தபோது தீதிக்குக் குரல் கம்மியது. 1873ல் முதன்முதலாக ஓடியது, ஒரு சின்னத் தடத்தைத் தவிர மற்றதை நிறுத்தப் போவதாக 2024ல் அரசு அறிவித்தது. பள்ளிக்கூடத்துக்கு டிராமில்தான் போய்வந்தாராம்.

இதையெல்லாம் உனக்கு ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் தெரியுமா? நீயும் முப்பது வருஷத்துக்கு மேல் கும்பகோணத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுத்தவள். மகாமகக் குளத்து மண்டபங்களும் உனக்குத் தெரியும், நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறையில் யார் வீட்டில் என்ன விசேஷம் என்பதும் தெரியும். வெளியூர்க்காரர்கள் நவக்கிரகக் கோயில்களை ஒரே நாளில் சுற்றிவிட்டு, நம் ஊரைப் பார்க்காமலே போகிறார்கள் என்று எத்தனை தடவை என்னிடம் ஆதங்கப்பட்டிருக்கிறாய்! மாதம் ஒரு ஞாயிறு நாலு பேரை நீ கூட்டிக்கொண்டு நடக்கலாம், சரோ. நான் திரும்பி வந்ததும் முதல் ஆளாக உன் பின்னால் வருவேன். முழங்காலை ஒரு காரணமாகச் சொல்லாதே. தீதி ஒவ்வொரு ரொவாக்கிலும், அதாவது வாசல் திண்ணையிலும், உட்கார்ந்து உட்கார்ந்துதான் எங்களைக் கூட்டிப்போனார். அவருக்கும் முழங்கால் வலி.

மகாளய அமாவாசைக்கு முன்னால் நீ இங்கே வர முடியுமா? ஹவுரா மெயிலில் கீழ் பெர்த்தாகப் பார்த்துப் போடச் சொல், நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன். தீதியிடம் உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். வரும்போது மறக்காமல் நம் ஊர் காபிப் பொடி ஒரு கிலோ, அவருக்கும் அரை கிலோ.

அன்புடன்,
வசந்தா