டேங்கை விட்டுவிடு, மற்றதை அடி

மயிலாடுதுறை,
ஆனி மாதம்

அன்பு மகள் கயல்விழிக்கு,

நீ அனுப்பிய புகைப்படங்களைப் பார்த்தேன். பழைய மோட்டார் பைக்தான், ஆனால் சட்டம் நேராக இருக்கிறது, எஞ்சின் அடியில் எண்ணெய்க் கசிவும் தெரியவில்லை. கொடுத்த விலைக்கு மோசமில்லை. "மண்மேட்டில் ஏறுகிற வண்டி இவளுக்கு எதற்கு?" என்று உன் அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பின்னால் உட்கார மாட்டேன் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாய். விவரமானவர்.

விஷயத்துக்கு வருகிறேன். டேங்க், மட்கார்டு, பக்க மூடிகள் எல்லாவற்றுக்கும் வீட்டிலேயே மயில் நீலம் அடிக்கப் போகிறேன் என்கிறாய். மற்றதை அடி. டேங்கை மட்டும் தொடாதே.

நம் பட்டறைக்கு வந்த ராஜ்தூத், புல்லட் எல்லாவற்றுக்கும் இரும்புத் தகட்டு டேங்க். துருவைச் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் போட்டு அடித்தால் வருடக்கணக்கில் நிற்கும். பெட்ரோல் தகட்டைத் தாண்டி வெளியே வராது. உன் வண்டியின் டேங்க் பாலிஎத்திலீன் என்கிற பிளாஸ்டிக். அது மண்பானை மாதிரி. ஒழுகாது, ஆனால் உள்ளே இருப்பது சுவர் வழியாக மெல்ல மெல்ல வெளியே வந்துகொண்டே இருக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வண்டியை இரவு மூடிய அறையில் நிறுத்திவிட்டுக் காலையில் கதவைத் திறந்தால் மூக்குக்குத் தெரியும். அந்த ஆவி போகிற வழியைப் பெயிண்ட் போட்டு அடைத்தால், அது அடியில் தேங்கிப் பெயிண்டை இளக்கும், பிறகு கொப்புளமாகத் தூக்கும்.

வேறொரு பட்டறையில் டேங்குக்கு நிறம் அடித்த வெளிநாட்டு வண்டி ஒன்று நம்மிடம் வந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் பளபளவென்று இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால், பெட்ரோல் நிற்கிற மட்டம் வரை மிளகு அளவில் கொப்புளங்கள். ஒன்றை நகத்தால் கீறினேன். பெட்ரோல் வாடை அடித்தது, விளிம்பைப் பிடித்து இழுத்ததும் உள்ளங்கை அகலத்துக்கு நிறம் அப்படியே உரிந்து வந்தது. அடியில் பிளாஸ்டிக் வழவழவென்று, பிரைமர் பட்ட சுவடே இல்லாமல் இருந்தது. அடித்தவனைக் குறை சொல்ல முடியாது, கை நல்ல கைதான். பாலிஎத்திலீன்மேல் எதுவும் எளிதில் ஒட்டாது. ஒட்டினாலும் ஆவி விடாது.

கடையில் வாங்கும் புது வண்டிகளில் பிளாஸ்டிக் டேங்க் நிறத்தோடு வருகிறதே என்று கேட்பாய். பல வண்டிகளில் நாம் பார்ப்பது டேங்க் அல்ல, அதன்மேல் மாட்டிய மூடி. சில ஐரோப்பிய வண்டிகளில் டேங்கே நைலான். அதில் ஆவி கசிவது மிகக் குறைவு, ஆகையால் நிறம் நிற்கும். ஆனால் எத்தனால் கலந்த பெட்ரோலில் சில நைலான் டேங்குகள் ஊதிப்போய், கழற்றினால் திரும்பப் பொருந்தாமல் நின்றிருக்கின்றன. இங்கே 20 சதவீதம் எத்தனால் வந்துவிட்டது, ஆஸ்திரேலியாவில் உங்கள் குயின்ஸ்லாந்திலும் 10 சதவீதம் கலந்தது விற்கிறார்கள். எந்த பிளாஸ்டிக்கும் முழு யோக்கியன் இல்லை.

டேங்கைக் காலி செய்து பல வாரம் வெயிலில் காயவிட்டு, மேலே தீ காட்டினால் பெயிண்ட் ஒட்டும் என்று யாராவது சொல்லுவார்கள். தொழிற்சாலையில் பிளாஸ்டிக்குக்குத் தீ காட்டுவது உண்மைதான், ஆனால் அது பெட்ரோலே பார்க்காத புதுப் பொருளுக்கு. பெட்ரோல் குடித்த டேங்க் காலியாக இருக்கும்போதுதான் அதிக ஆபத்து. உள்ளே ஆவியும் காற்றும் கலந்து நிற்கும், ஒரு பொறி போதும். அருகில் ஹீட் கன்னைக்கூடக் கொண்டுபோகாதே. இதில் மட்டும் அப்பா சொல்வதை அப்படியே கேள்.

பழசான டேங்கில் ஏறியிருக்கும் மஞ்சள் உன் கண்ணை உறுத்துகிறதென்றால், டேங்கைக் கழற்றி, காலி செய்து, சோப்புத் தண்ணீரால் பலமுறை அலசி, திறந்த வெளியில் வைத்து 400ஆம் நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய். பிறகு 600, 800, 1000. வெயில் பட்டு வந்த மேல்மஞ்சள் போகும். பெட்ரோல் ஊறிய மஞ்சள் போகாது, போகட்டும். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரிகிற டேங்கை எதற்கு மறைக்க வேண்டும்? அலங்காரம் வேண்டுமென்றால் சிறு துளைகள் போட்ட ஸ்டிக்கர் விற்கிறார்கள். ஆவி துளை வழியாகப் போய்விடும்.

இனி மற்ற பாகங்கள். ஒவ்வொன்றையும் கழற்றி உள்பக்கம் பார். பிளாஸ்டிக்கின் பெயர் அச்சில் இருக்கும். ஏபிஎஸ் (ABS) என்றிருந்தால் கவலை இல்லை, தேய்த்துப் பிரைமர் போட்டால் ஒட்டும். தின்னரால் மட்டும் துடைக்காதே, மேல்தோல் கரைந்து வெடிப்பு விடும். பிபி (PP) என்றிருந்தால் அது பாலிப்ரோப்பிலீன். உன் வண்டியின் மட்கார்டு அதுவாகத்தான் இருக்கும், வளைந்து கொடுக்கிறது என்று எழுதியிருந்தாயே. எழுத்தே இல்லையென்றால் மறைவான இடத்தில் ஒரு சிறு துணுக்கைச் சீவித் தண்ணீரில் போட்டு, விரலால் அழுத்திவிடு. பிபி மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும்.

பிபிக்கு முதலில் பிளாஸ்டிக்கில் பிடிப்பு உண்டாக்கும் திரவம் ஒன்று மெல்லிசாக அடிக்க வேண்டும். பெயிண்ட் கடையில் பாலிப்ரோப்பிலீனுக்கு என்று தெளிவாகச் சொல்லிக் கேள். டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்குள் அடுத்த கோட், அதாவது அடுத்த பூச்சு, அடித்துவிட வேண்டும். ஆறப்போட்டால் பிடிப்பு போய்விடும்.

தேய்ப்பதற்கு முன் கழுவு. இந்த வரிசையை மாற்றாதே. பழைய சொந்தக்காரர் பளபளப்புக்காகச் சிலிக்கோன் பூசியிருந்தால், தேய்க்கும்போது அது கீறல்களுக்குள் இறங்கிவிடும். பிறகு எவ்வளவு அடித்தாலும் பெயிண்ட் விலகி வட்ட வட்டமாகக் குழி விழும். தேய்த்த பிளாஸ்டிக் தூசியை இழுக்கும், ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு உடனே அடி. ஸ்பிரேயைப் பாகத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடி. முதல் கோட் முழுதாக மூட வேண்டும் என்று ஆசைப்படாதே, அடிநிறம் தெரியட்டும். ஒழுகுகிற பெயிண்ட் எல்லாம் முதல் கோட்டில் காட்டிய அவசரம்தான்.

காலம் உனக்குச் சாதகம். இங்கே ஐப்பசி மழையில், கடைமுழுக்கு நீராடலுக்கு ஊரே காவிரியின் துலாக்கட்டத்தில் கூடியிருக்கும் நேரத்தில், தின்னர் கலந்த லேக்கர் பெயிண்ட் அடித்தால் மேலே வெண்மை படர்ந்துவிடும். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் இறங்குகிறது. தை மாதம் அறுப்பு இயந்திரத்தின் தூசி. பங்குனியில்தான் நிம்மதியாக அடிப்போம், அதுவும் உச்சி வெயிலுக்கு முன். பிரிஸ்பேனில் ஜூன், ஜூலை வறண்ட குளிர்காலம். பத்து மணிக்கு மேல் பனி ஈரம் போனதும் ஆரம்பி, மூன்று மணிக்கு நிறுத்து.

கடைசிக் கோட்டான, நிறமில்லாத கிளியருக்கு, இறுக வைக்கும் ஹார்டனர் சேர்க்கிற வகையை வீட்டில் அடிக்காதே. அதில் உள்ள ஐசோசயனேட் என்கிற ரசாயனம் நுரையீரலைக் கெடுக்கும், ஆஸ்துமா வரும். வாடையை நம்பி எச்சரிக்கையாக இருக்கவும் முடியாது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அடித்தவர், பின்னாளில் படி ஏறவே மூச்சு வாங்கினார். சாதாரணக் கிளியர் போதும். பெட்ரோல் சொட்டினால் அது கரையும்தான், ஆனால் நிறம் இல்லாத டேங்கில் சொட்டினால் நஷ்டம் என்ன? சாதாரண வகைக்கும் முகமூடி போட்டுக்கொள், கதவைத் திறந்து வை.

எடுத்த எடுப்பிலேயே முழு மட்கார்டையும் அடித்துவிடாதே. அதன் உள்பக்க மூலையில் கொஞ்சம் அடித்து ஒரு வாரம் விடு. பிறகு பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழு. டேப்பில் நிறம் வந்திருந்தால் அதைப் படம் எடுத்து அனுப்பு, பிரைமர் டப்பாவின் பின்பக்கத்தையும் சேர்த்து. பார்த்துவிட்டுச் சொல்கிறேன். நான் ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன், மற்ற நாட்களில் குறுவை நடவுக்கு வயலுக்குப் போய்விடுவேன்.

அன்புடன்,
அப்பா