தோப்பில் ஆள் இருப்பது தெரியாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பண்ருட்டிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் முந்திரித் தோப்பு இருக்கிறது. போன சித்திரையில் விடிகிற நேரம், அங்கே கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த என் அண்ணியின் கெண்டைக்காலில் மூன்று பால்ரஸ் குண்டுகள் பாய்ந்தன. சுட்டவர் பக்கத்துத் தோப்புக்காரர். உரிமம் உள்ள நாட்டுத் துப்பாக்கிதான். அவரே ஓடிவந்து தூக்கிக்கொண்டு போனார், ஆஸ்பத்திரிச் செலவும் கொடுத்தார். அதை நான் மறுக்கவில்லை. “பன்றின்னு நெனச்சுட்டேன், சத்தியமா உள்நோக்கம் கிடையாதுங்க” என்று அழுதார். காவல் நிலையத்திலும் “உள்நோக்கம் இல்லையே” என்று பேசி முடித்துவிட்டார்கள்.

கடலூரில் 28 வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். அந்த வார்த்தையை என்னால் விட முடியவில்லை. சட்டம் உள்நோக்கத்தை மட்டுமா கேட்கிறது?

2024 ஜூலை வரை நடப்பில் இருந்த 1860-ஆம் வருடத் தண்டனைச் சட்டத்தில் ஒரு உதாரணம் இருந்தது. கோழி திருட நினைத்து ஒருவன் சுடுகிறான், புதருக்குப் பின்னால் இருந்த ஆள் சாகிறான். ஆள் இருப்பது அவனுக்குத் தெரியாது. அதனால் சாவுக்கான பெரிய குற்றம் அவன்மேல் நிற்காது. அதே சட்டத்தில், கூட்டத்துக்குள் பீரங்கியால் சுட்டு ஒருவரைச் சாகடித்தவன், குறிப்பாக யாரையும் குறிவைக்காவிட்டாலும் கொலைகாரன். ஆபத்து தெரிந்து செய்தானா என்பதுதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

சரி, சித்திரை மாதத்து முந்திரித் தோப்பில் ஆள் இருப்பது யாருக்குத் தெரியாது? வெயிலுக்கு முன் முடிக்கலாம் என்று இருட்டோடு பெண்கள் கூடையுடன் இறங்கிவிடுவார்கள். கிளைகள் தரையைத் தொட்டுக் கிடக்கும். குனிந்தவரின் முதுகு மட்டும் அசையும். பக்கத்துத் தோப்புக்காரருக்கு இது பிறந்ததிலிருந்து தெரியும்.

உத்தரகாண்டில் கல்யாண வீட்டில் கூரையைப் பார்த்துச் சுட்டு இருவர் இறந்த வழக்கில், 2020-இல் உச்ச நீதிமன்றம் அதைக் கொலை என்று சொல்லவில்லை; ஆனால் ஆபத்து தெரிந்தே சுட்டார் என்று 10 ஆண்டு சிறை கொடுத்தது. 2019-இல் திருத்திய ஆயுதச் சட்டத்தின் 25(9) பிரிவுப்படி, பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி கவனக்குறைவாகச் சுட்டாலே 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். யாரும் சாக வேண்டியதில்லை. உள்நோக்கம் என்ற பேச்சே அதில் இல்லை.

இப்படிப்பட்ட புகார்களை அந்தப் பிரிவில் பதிவு செய்யுங்கள் என்று மாவட்டக் காவல் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். முந்திரிப் பருவம் தொடங்குமுன் உரிமம் வைத்திருப்பவர்களை மாவட்ட நிர்வாகம் கூப்பிட்டு இதைச் சொல்லட்டும்.

இந்த வருடம் அண்ணி தலையில் மஞ்சள் துண்டு கட்டிக்கொண்டு, செல்போனில் பாட்டைச் சத்தமாக வைத்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் தோப்புக்குள் போகிறார்.

ஓய்வுபெற்ற வழக்கறிஞர் குமாஸ்தா,
பண்ருட்டி, கடலூர் மாவட்டம்